எல்லோரையும் தெற்கு வாசலுக்கு அனுப்பிய நாள்

"புருஷன் பேரைச் சொல்லும்மா, அப்பதான் மைக்ல கூப்பிட முடியும்."

அந்தப் பெண் தலையைக் குனிந்து சிரித்தாள். சிரிப்புக்கு அடியில் அழுகை இருந்தது. இருபது வயதிருக்கும். கழுத்தில் மஞ்சள் மாறாத தாலிக்கயிறு. கையில் ஒரு தண்ணீர்க் கூஜா. கூட்டத்தில் நசுங்கிப் போன மல்லிகைப் பூவின் வாசனை, எங்கள் ஏ.சி. அறையின் பினாயில் வாசனையையும் மீறி வந்தது.

"சொல்லக் கூடாதுங்க."

"பேரு தெரியாம எப்படிம்மா கூப்பிடறது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அண்ணா, உங்க பேரு இன்னா?"

"ஏழுமலை."

"அதுல ஒண்ணு கம்மி பண்ணிக்கோங்க. மலைக்குப் பதிலா மூஞ்சி போட்டுக்கோங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த கஸ்தூரி வாய்விட்டுச் சிரித்தார். நான் 'ஆறுமுகம், போளூர்' என்று தட்டினேன். காத்திருப்பவர் மல்லிகா. இடம், ஒன்றாம் வாசல். அச்சு இயந்திரம் கரகரவென்று சீட்டைத் தள்ளியது. அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் கிழித்துக் கீழே அனுப்பினேன்.

கார்த்திகை தீபத்தன்று பிற்பகல் இரண்டு மணி. எண்பதுகளின் கடைசி, எந்த வருடம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

தட்டச்சுப் பள்ளியில் ஒரு பெட்டி

அந்த அறை தேரடித் தெருவில் ஒரு மாடியில் இருந்தது. அதற்கு முன்னால் அங்கே தட்டச்சுப் பள்ளி. உரிமையாளர் தனபால் சார் ஒருநாள் சென்னைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டரோடு திரும்பினார். பாதி தட்டச்சு இயந்திரங்களை விற்றுவிட்டு ஏ.சி. போட்டார். வாசலில் 'காலணிகளைக் கழற்றவும்' என்று எழுதி வைத்தார். கழற்றிய செருப்பைப் பார்த்துவிட்டுச் சிலர் உள்ளே வந்து பெட்டியைக் கும்பிட்டதும் உண்டு. அதற்கு ஏற்றாற்போல் தனபால் சாரே திரைக்கு மேல் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்.

அங்கே ப்ரோகிராம் எழுதும் வேலைக்கு இரண்டு பேர். ஒருவன் நான்; அடி அண்ணாமலையில் நிலக்கடலை போடும் குடும்பம், பி.எஸ்ஸி. கணக்கு, வேலூரில் ஆறு மாதம் 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தவன். இன்னொருவர் வேங்கிக்காலில் இருந்து சைக்கிளில் வரும் கஸ்தூரி. என் வயதுதான். என்னைப் போலவே படித்தவர். என்னைவிட நிதானமானவர். அந்தக் கடைசி விஷயத்தை நான் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை.

தீபத்துக்கு ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. கோவிலின் நான்கு கோபுர வாசல்களிலும் தொலைந்து போனவர்களுக்காக ஒரு பந்தல் போடுவார்கள். அந்த வருடம் தனபால் சார் விழாக் குழுவிடம் போய், "இந்த வாட்டி கம்ப்யூட்டர்ல பண்ணிடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். எங்களுக்குக் கிடைத்தது மூன்று வாரம்.

வேலை எளிமையானதுதான். பந்தல்களில் இருந்து தொண்டர்கள் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டு வருவார்கள். நாங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். அது சீட்டு அடித்துத் தரும். கீழே ராஜகோபுரத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மைக் கோதண்டம் அதை ஊர் முழுக்கக் கேட்கும்படி படிப்பார்.

ஈனமும் மானமும்

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

'சி' மொழியில் ஒரு வேலையைச் செய்து தரும் சிறு பகுதிக்கு ஃபங்ஷன் என்று பெயர். அதற்கு வேண்டிய விவரங்களை அடைப்புக்குறிக்குள் வரிசையாகக் கொடுக்க வேண்டும். எங்கள் ஃபங்ஷனுக்கு நான் வைத்த பெயர் 'சீட்டு'. அதற்கு இரண்டு விவரங்கள் போதும். முதலில் எந்த வாசல், அடுத்து என்ன நிலை.

வாசலுக்கு எண்கள்: கிழக்கு ஒன்று, தெற்கு இரண்டு, மேற்கு மூன்று, வடக்கு நான்கு. நிலைக்கும் எண்கள்: தேடுகிறார் ஒன்று, காத்திருக்கிறார் இரண்டு, சேர்ந்துவிட்டார் மூன்று. ஆக, 'சீட்டு(4, 1)' என்றால் வடக்கு வாசலில் ஒருவர் யாரையோ தேடுகிறார் என்று பொருள். சுருக்கமாக, அழகாக இருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

கஸ்தூரி எட்டிப் பார்த்தார். "நாலு, ஒண்ணுனு எழுதி வச்சா நாளைக்குப் படிக்கறவங்களுக்கு இன்னா புரியும்? ஈனம் போட்டு எழுதலாமே."

அவருடைய அண்ணன் சென்னையில் இருந்து அனுப்பிய ஜெராக்ஸ் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் படித்திருக்கிறார். எண்களுக்குப் பதிலாகப் பெயர்களின் பட்டியல் ஒன்றை நாமே அறிவித்துக்கொள்ளலாம். வாசல் என்று ஒரு வகை. அதில் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. நிலை என்று இன்னொரு வகை. ஃபங்ஷன் கேட்கும் விவரத்தையும் 'ஒரு எண்' என்று சொல்லாமல் 'ஒரு வாசல்', 'ஒரு நிலை' என்றே சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அந்த ஏற்பாட்டின் சுருக்கப் பெயர், நாங்கள் உச்சரித்த விதத்தில், ஈனம்.

"பேரே ஈனமா இருக்கு. நமக்கு மானம்தான் முக்கியம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க ஏழுமலை. பேர் போட்டா தப்பு கண்ணுக்குத் தெரியும்."

"பேரு ஜாஸ்தி எழுதினா ப்ரோகிராம் பெருசாயிடும். இருக்கற மெமரியே கம்மி."

"ஆகாது. கம்பைல் பண்ணி மிஷின் பாஷைக்கு மாத்தும்போது எல்லாம் மறுபடியும் நம்பராதான் மாறும். பேரு நமக்கு, நம்பர் அதுக்கு."

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே பட்டது. ஆனால் ப்ரோகிராம் என்னுடையது, புத்தகம் அவருடையது. "நேரம் இல்லைங்க" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

பதினேழாம் நம்பர்

எண்ணை நம்பி நான் அடி வாங்கியது அதற்கு முன்பே நடந்திருக்கிறது. அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் விசேஷம்.

உயர்நிலைப் பள்ளியில் எங்கள் கணக்கு வாத்தியார் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். வருகைப் பதிவேட்டு எண்தான். நான் பதினேழு. அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது இரண்டு பேர் பள்ளி மாறியிருந்தார்கள், எண்கள் எல்லாம் நகர்ந்துவிட்டன. வாத்தியாரிடம் இருந்த விடைத்தாள் பட்டியல் பழையது. "பதினேழு, எழுந்திரு" என்றார். எழுந்தேன். பதினொரு மதிப்பெண்ணுக்கான பிரம்படி கிடைத்தது. எண்பத்தெட்டு வாங்கியிருந்த நான், கேள்வி கேட்கத் தோன்றாமல் உள்ளங்கையை ஊதிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடிக்கு உரிய பையன் அன்று மாலை எனக்கு ஒரு தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தான். நல்ல பையன்.

"நான் இங்கதானே கீறேன்?"

தீபத்தன்று மல்லிகாவை ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். கல்யாணமாகிப் பத்து நாள்தானாம். போளூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்து மாமியார், உறவுக்காரர்கள் எல்லோருமாக ஒரு வேனில் வந்திருக்கிறார்கள். தீபம் பார்த்ததும் வேன் கிளம்பிவிடும்.

"வரும்போதே எங்க அத்தை சொன்னாங்க, புதுப் பொண்ணுக்கு எதுக்கு இந்தக் கூட்டம்னு. இவருதான் கேக்கல. இப்ப பாருங்க, வந்த பத்தாம் நாளே தொலஞ்சு போனவனு பேரு வந்துடும். அது ஆயுசுக்கும் போவாது."

கஸ்தூரி அவளுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார். அப்போது கீழே மைக் கோதண்டத்தின் குரல் முழங்கியது. நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர். அறிவிப்பைக்கூட அரச கட்டளை மாதிரிதான் படிப்பார்.

"போளூர் ஆறுமுகம் அவர்களே! உங்கள் துணைவியார் மல்லிகா, தெற்கு வாசலில், திருமஞ்சன கோபுரத்தின் அருகே, உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்! உடனே தெற்கு வாசலுக்கு விரைந்து வரவும்!"

மல்லிகா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏங்க, இது கிழக்கு வாசல்தானே?"

"ஆமாம்மா."

"நான் இங்கதானே கீறேன்? அவரை எதுக்கு தெற்க அனுப்பறாரு?"

"அவர் தப்பாப் படிச்சிருப்பார்" என்று சொல்லிவிட்டு ஒரு காகிதத்தில் திருத்தம் எழுதிக்கொண்டு கீழே ஓடினேன்.

கோதண்டம் என் காகிதத்தை வாங்கவே இல்லை. தன் கையில் இருந்த சீட்டைக் காட்டினார். 'தெற்கு. தேடுகிறார்' என்றுதான் இருந்தது. அவர் ஒரு எழுத்தைக்கூடத் தப்பாகப் படிக்கவில்லை.

"கையால எழுதனதைப் படிக்க மாட்டேன் தம்பி. போன வருஷம் எவனோ விளையாட்டுக்கு எழுதிக் கொடுத்து நான் திட்டு வாங்கினேன். மிஷின் சீட்டு மட்டும்தான்னு குழுவுல உத்தரவு."

மேலே போனால், அங்கே தெற்குப் பந்தலின் பொறுப்பாளர் நின்றிருந்தார். கல்லூரி விரிவுரையாளர், வேட்டியெல்லாம் சேறு, மூச்சு வாங்கியது.

"இன்னா சார் பண்றீங்க இங்க? ஊர்ல தொலஞ்சு போனவங்க எல்லாருமே எங்ககிட்டதான் கீறாங்கனு அனுப்பிட்டே இருக்கீங்க. என் பந்தல்ல ஒருத்தரும் இல்ல. வந்து தேடறவங்கதான் ஏழெட்டுப் பேர் கீறாங்க. ஒரு அம்மா என்னைப் புடிச்சி உலுக்குது!"

கம்பியில் குத்திய காகிதங்கள்

தனபால் சார் அறையின் மூலையில் உட்கார்ந்துவிட்டார். "நிறுத்திடலாமா?" என்று மட்டும் கேட்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்க சார்" என்றார் கஸ்தூரி. என்னைப் பார்த்தார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன்.

"டெஸ்ட் பண்ணும்போது சரியா வந்துச்சே" என்றேன், யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமல்.

"எதை வச்சு டெஸ்ட் பண்ணீங்க?"

"தெற்கு வாசல். காத்திருக்கிறார்." நான் தங்கியிருந்த அறை தெற்குப் பக்கம், திருவூடல் தெருவில் இருந்ததால் கைக்கு முதலில் வந்தது தெற்கு.

அவர் திரையின் பக்கம் திரும்பினார். ப்ரோகிராமின் தலைமாட்டில் இரண்டு பட்டியல்களைத் தட்டினார். வாசல் ஒன்று, நிலை ஒன்று. 'சீட்டு' ஃபங்ஷனின் தலைப்பில் இரண்டு எண்கள் என்று இருந்ததை 'ஒரு வாசல், ஒரு நிலை' என்று மாற்றினார். பிறகு அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் இடங்களைத் தேடினார். தேடுபவர்களுக்கான பகுதியில் நான் 'சீட்டு(அ, 1)' என்று எழுதியிருந்தேன். 'அ' என்பது தட்டச்சு செய்த வாசல் எண். ஒன்றை அழித்துவிட்டு 'தேடுகிறார்' என்று போட்டார். சரியாக இருந்தது. அடுத்து காத்திருப்பவர்களுக்கான பகுதி. அங்கே இருந்தது 'சீட்டு(2, அ)'. இரண்டை அழித்துப் பெயரைப் போட்டார்.

சத்தமாகப் படித்தார். "சீட்டு, காத்திருக்கிறார், அ." நிறுத்தினார். "முதல்ல வாசல்தானே வரணும்?"

மாற்றிப் போட்டிருந்தேன். அவ்வளவுதான். எந்த வாசலில் காத்திருந்தாலும், 'காத்திருக்கிறார்' என்பதற்கான இரண்டு, தெற்கு வாசலாகிவிட்டது. வாசல் எண் நிலையாகிவிட்டது. கிழக்கில் காத்திருந்த மல்லிகா தெற்கில் 'தேடுகிறார்' ஆனார். நான்காம் நிலை என்று ஒன்று இல்லாததால், வடக்கில் காத்திருந்தவர்களுக்கு வெறும் 'தெற்கு' என்று மட்டும் அச்சானது. தெற்கு வாசலுக்கு மட்டும் இரண்டும் இரண்டு. எப்படித் திருப்பிப் போட்டாலும் சரியாகவே வரும். நான் சோதித்துப் பார்த்த ஒரே வாசல் அதுதான்.

"அப்ப மேற்குல காத்திருக்கறவங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

கஸ்தூரி கம்பியில் குத்தி வைத்திருந்த காகிதங்களைப் புரட்டினார். பேய்க் கோபுரத்தில் காலையில் இருந்து ஒரு செங்கத்துப் பெரியவர் காத்திருக்கிறார். மூன்றாம் வாசல். அதாவது, எங்கள் கணக்குப்படி 'சேர்ந்துவிட்டார்'. சேர்ந்தவர்களை மைக்கில் படிக்க மாட்டார்கள். அவருக்காக ஊரில் யாரும் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை.

என் காது மடல் சுட்டது. கணக்கு வாத்தியாரின் பிரம்பு எவ்வளவோ மேல்.

பட்டியலின் முதல் ஆள்

கஸ்தூரி வேண்டுமென்றே அந்த வரியைத் திருத்தாமல் ஒரு முறை கம்பைல் செய்து பார்த்தார். வாசல் கேட்கிற இடத்தில் நிலை இருக்கிறதே, கம்பைலர் கத்தும் என்று எதிர்பார்த்தார். அது வாயே திறக்கவில்லை. நிம்மதியாக முடித்துக் கொடுத்தது. அதற்கு எல்லாமே எண்தான்.

"ஆக, இது மிஷினுக்குப் போட்ட பூட்டு இல்ல. நம்ம கண்ணுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வரியைத் திருத்தினார்.

இந்த முறை எல்லா வாசலுக்கும் சோதித்தோம். நான் ஒன்றைத் தட்டினேன். கிழக்கு வர வேண்டும். இயந்திரம் கரகரவென்று அடித்துத் தள்ளியது: 'தெற்கு'.

தனபால் சார் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

கஸ்தூரியின் முகம் வெளுத்தது. ஜெராக்ஸ் தாள்களை எடுத்துப் புரட்டினார். ஒரு நிமிடம் கழித்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "நாமா சொல்லலைனா இது பூஜ்யத்துல இருந்து எண்ணும். கிழக்கு பூஜ்யம், தெற்கு ஒண்ணு. 'கிழக்கு சமம் ஒண்ணு'னு போட மறந்துட்டேன். தப்பு என்னோடது."

எனக்கு ஏனோ அந்த ஒரு வாக்கியம் ஆறுதலாக இருந்தது. நிதானமானவருக்கும் சறுக்குகிறது. ஆனால் அவர் அதைச் சொல்ல எடுத்துக்கொண்டது ஒரு நிமிடம். நான் முதலில் கைகாட்டியது கோதண்டத்தை.

மறுபடி கம்பைல். ஒன்று, கிழக்கு. இரண்டு, தெற்கு. மூன்று, மேற்கு. நான்கு, வடக்கு. நான் ஐந்தையும் தட்டிப் பார்த்தேன். 'சரிபார்க்கவும்' என்று வந்தது. அதையும் அவர் இடையில் சேர்த்திருந்தார்.

கம்பியில் இருந்த எல்லாக் காகிதங்களையும் மறுபடி ஏற்றினோம். கூடவே ஒரு வருத்த அறிவிப்பும் வேண்டும் என்றார் தனபால் சார். 'கம்ப்யூட்டர் கோளாறு காரணமாக' என்று ஆரம்பித்தேன்.

"கம்ப்யூட்டர் இன்னா பண்ணுச்சு, பாவம்?" என்றார் கஸ்தூரி.

அழித்தேன். 'காலையில் இருந்து தெற்கு வாசலுக்கு அனுப்பப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். தவறு சீட்டு எழுதிய எங்களுடையது' என்று அடித்தேன். அது இயந்திரச் சீட்டு என்பதால் கோதண்டம் மறுக்கவில்லை. ஊர் முழுக்கக் கேட்கும்படி, தோற்றுப் போன ராஜாவின் குரலில் படித்தார். ஜன்னலுக்குக் கீழே கூட்டத்தில் சிலர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். செங்கத்துப் பெரியவரின் மகள் அடுத்த அரை மணியில் மேற்குப் பந்தலுக்கு வந்து சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது.

துண்டு முடிச்சு

ஆறுமுகம் மட்டும் வரவில்லை. நான்கரை, ஐந்து, ஐந்தேகால். மல்லிகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவள் பின்னால் நின்று, எனக்குத் தெரியாத ஒரு முகத்தைத் தேடினேன்.

ஐந்தரை மணிக்குப் படியில் தடதடவென்று பல காலடிகள். முன்னால் வந்தவர் நெடுநெடுவென்று இருந்தார், சட்டையில் ஒரு கை கிழிந்து தொங்கியது. அவர் இடுப்பில் ஒரு துண்டு. அதன் மறுமுனை பின்னால் வந்தவரின் இடுப்பில். அவரிடம் இருந்து இன்னொரு துண்டு. இப்படி நான்கு பேர்.

"தெற்கு வாசல்ல பழக்கமானவங்க" என்றார் ஆறுமுகம். "தேடி வந்த ஆளுங்க ஒருத்தரும் கிடைக்கல. சரி, நாமளாவது பிரியாம இருப்போம்னு முடிச்சு போட்டுக்கினு வந்துட்டோம். இவங்க மூணு பேருக்கும் வடக்கு வாசலாம். வழியில என்னை இறக்கி விட்டுட்டாங்க."

மல்லிகா கிட்டே போய்க் கிழிந்த கையைப் பார்த்தாள். "கல்யாணச் சட்டை. இதுக்கும் உங்கம்மா என்னைத்தான் கேக்கப் போறாங்க."

"கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"இன்னா சொல்வீங்க?"

"தொலஞ்சு போனது நான். நீ இருந்த இடத்துலயே இருந்தே, என்னைக் கண்டுபுடிச்சே. அவ்ளோதான். மைக்ல என் பேரைத்தானே ஊர் பூரா கூப்பிட்டாங்க?"

அவள் கூஜாவில் இருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, நான் முன்னால் போய் நின்றேன். "அந்தத் தப்பு பண்ணது நான்தாங்க."

ஆறுமுகம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெரிய கைகள். அதில் ஒன்று என் தோளில் விழுந்தது. "மன்னிப்புனு மைக்ல சொன்னது உங்களையா? நல்லா சொன்னாரு, போங்க" என்று சிரித்தார். மடியில் இருந்து ஒரு நசுங்கிய வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தார். தெற்கு வாசலில் யாரோ அவருக்குக் கொடுத்ததாம்.

அவர்கள் படியிறங்கிப் போகும்போது, வடக்குக்குப் போக வேண்டிய மூவரும் துண்டை அவிழ்க்காமலே பின்னால் போனார்கள்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் ஒரு தொண்டர் மூச்சிரைக்க ஓடி வந்து காகிதம் ஒன்றை நீட்டினார். மேற்கு வாசலில், அக்காவைத் தவறவிட்ட ஒரு பெண். கஸ்தூரி வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். பாதியில் வெளியே சத்தம் எழும்பியது. முதலில் காற்று மாதிரி, பிறகு மலையே இடிந்து விழுவது மாதிரி. அண்ணாமலைக்கு அரோகரா. தனபால் சார் ஜன்னலுக்கு ஓடினார். தொண்டர் நின்ற இடத்திலேயே கைகூப்பினார்.

நான் பிறந்த ஊர் இது. ஒரு வருடம்கூட நான் தீபத்தைத் தவறவிட்டதில்லை. அன்று திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அதைக் கிழித்து, எழுத்து எழுத்தாகப் படித்தேன். மேற்கு. காத்திருக்கிறார். கஸ்தூரியிடம் நீட்டினேன். அவரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடியே ஒரு முறை படித்துவிட்டுத் தலையாட்டினார்.

சீட்டைத் தொண்டரிடம் கொடுத்தேன். "ஓடுங்க" என்றேன்.